15 பார் என்னும் பெட்டிப் பெருமை

வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்களின் பெட்டியில் '15 பார்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவதைத் தடுக்க ஒரு சட்டம் வருமானால், அதை ஆதரித்து முதல் கட்டுரை எழுதுபவன் நானாகவே இருப்பேன். இப்போது அது 20 பார் வரை ஏறிவிட்டது. டுபாயிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பெட்டிகளை இறக்குவானைக்கும் தெரணியகலைக்கும் சுமந்து வருகிறார்கள். "இது இருபது பார் அண்ணே" என்று வீட்டுக்காரர் பெருமையோடு காட்டுகிறார். கோப்பியை வாயில் வைத்தால் கசக்கிறது. அடுத்த மிடறில் புளிக்கிறது. குற்றம் தூளின் மேல் போடப்படுகிறது.

எண்ணைப் பார்ப்போம். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது ஏறத்தாழ 9 பார் அமுக்கம். இத்தாலிய எஸ்பிரெசோ தேசிய நிறுவனம் வகுத்த அளவும் 9 பார்தான். ஒரு பார் கூடலாம், ஒரு பார் குறையலாம். அக்கில்லே காஜியா 1940களின் பிற்பகுதியில் நெம்புகோல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் கோப்பியின் மேல் பொன்னிற நுரை படிந்தது. 1961 இல் வந்த ஃபேமா ஈ61, கையின் வேலையை மின் நீர்ப்பம்பிக்குக் கொடுத்து, 9 பாரை வழக்கமாக்கியது. கோப்பிக் கடைகளின் பெரிய இயந்திரங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த அளவிலேயே ஓடுகின்றன.

அப்படியானால் 15 எங்கிருந்து வந்தது? வீட்டு இயந்திரங்களில் இருப்பது சிறிய அதிர்வு நீர்ப்பம்பி. நீர் வெளியேற வழியே இல்லாதபடி அடைத்துவைத்தால் அது எட்டக்கூடிய உச்ச அமுக்கம்தான் 15 பார். கிண்ணத்தில் விழும் கோப்பிக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்த இயந்திரத்தில் நீர்ப்பம்பிக்கு அடுத்து ஒரு வால்வு இருக்கும். அமுக்கம் குறித்த அளவைத் தாண்டினால் அதன் ஸ்பிரிங் விலகி, மிகுதி நீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அமுக்கம் இறங்கும். பெட்டியில் அச்சிட வேண்டியது இந்த வால்வு திறக்கும் அளவைத்தான். அதை அச்சிடுவதில்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்துப் பெக்டரியில் வேலை பார்த்த ஒருவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாட்டிய கொழுந்தை ரோலரில் போடும்போது மேலிருக்கும் மூடியை முதலில் இறக்குவதில்லை. சிறிது நேரம் அமுக்கமில்லாமல் உருளவிட்டு, பிறகு இறக்கி, மீண்டும் தூக்கி, சூடு வெளியேற இடம் கொடுத்து, அப்புறம்தான் அடுத்த அமுக்கம். அளவு மீறி இறக்கினால் இலை நொறுங்கும்; மத்திய கிழக்கு வணிகர்கள் விலை கொடுத்து வாங்கும் நீண்ட, முறுகிய தாழ்நிலத் தேயிலை கிடைக்காது. கூடுதல் அமுக்கம் என்றால் கூடுதல் தரம் என்று அங்கே யாராவது சொன்னால் ரோலர் அறையே சிரிக்கும். அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும் 20 பாரை வியந்து நிற்கும்படி ஆக்கியிருப்பது விளம்பரம்.

கோப்பித் தூளிலும் இதுவேதான் நடக்கிறது. மிகை அமுக்கத்தில் நீர் தூள்படுக்கையின் பலவீனமான இடத்தைத் துளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஓடிய வழியில் இருந்த தூள் கசக்கும்வரை கரைகிறது. மற்றத் தூள் பாதி கரைந்து புளிப்பைத் தருகிறது. இதை மறைக்கவே மலிவான இயந்திரங்களில் ஊசித்துளை ஒன்று மட்டும் உள்ள இரட்டைச் சுவர் வடிகூடையைப் பொருத்துகிறார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும். அது கோப்பியின் நுரையன்று, துளையின் நுரை!

"வால்வில் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடுமே" என்பார்கள். போகலாம். அந்த நிபந்தனையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். காஜியாவின் 'கிளாசிக்' இயந்திரம் கூடிய அமுக்கத்தில் நெடுங்காலம் விற்பனையானது. வாங்கியவர்கள் தாமாகவே ஸ்பிரிங்கை மாற்றி 9 பாருக்கு இறக்கிக்கொண்டார்கள். 2023 இல் வந்த ஈவோ புரோவில் நிறுவனமே 9 பார் வால்வைப் பொருத்தியது. பயனாளர்கள் செய்தது சரியென்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் ஒருகாலத்தில் கோப்பிதான் நின்றது. 1869 இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அழித்தது. அந்தக் கோப்பிக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிளேன்டீ குடிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குக் கோப்பி திரும்பி வரும்போதாவது ஒழுங்காக வரட்டுமே.

செய்ய நினைப்பவர்கள் முதலில் மின் இணைப்பைக் கழற்றி, இயந்திரத்தை முழுமையாக ஆறவிடுங்கள். உள்ளே 230 வோல்ட் மின்சாரமும் கொதிநீரும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர்கள் மின்வினைஞரிடம் கொடுப்பதே நல்லது. அளவுமானி பொருத்திய கைப்பிடியை மாட்டி அளந்து, திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றுங்கள். நீர் ஓடாத நிலையில் மானி 10 காட்டினால், ஓடும்போது ஏறத்தாழ 9 இருக்கும். பிறகு 18 கிராம் தூளில் 36 கிராம் கோப்பி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்கும்படி அரைப்பைச் சரிசெய்யுங்கள்.

இனிமேல் வாங்குபவர்கள் கடையில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: வால்வு எத்தனை பாரில் திறக்கிறது? பதில் சொல்லத் தெரியாத கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.