வழிகாட்டியொடு வெனிசு

வெனிசு நகரை யான் கண்டிலேன்; ஏடுகளிற் கண்டதே உண்டு. ஆயினும் அதனை எங்ஙனம் காண்டல் வேண்டும் என்பதுபற்றி ஒரு கருத்துடையேன். அன்பர்கள் நகையற்க.

கொடி பிடித்தார் ஒருவர் முன்னே விரைய, பெருங்கூட்டம் பின்னே ஓடி, மார்க்குச் சதுக்கத்தினின்று ரியால்ட்டோப் பாலம்வரை சென்று மீள்வது காட்சியன்று; கால்நோவே. 2024-ஆம் ஆண்டில் அந்நகர ஆட்சியார், ஒரு குழுவில் 25 பேர்க்கு மேற்படலாகாது என்றும், ஒலிபெருக்கி கூடாது என்றும் விதித்தனர். நன்றே செய்தனர். ஆனால் எண்ணைக் குறைத்தல் மட்டும் போதுமோ?

நூலறிவுடைய வழிகாட்டி ஒருவரை இருவர் மூவர் அமர்த்திக்கொண்டு நடப்பராயின், கெட்டோ என்னும் பகுதிக்குச் செல்லலாம். 1516-இல் வெனிசுக் குடியரசு யூதரை அங்கே ஒதுக்கி, இரவில் வாயில்களை அடைத்துக் காவலும் வைத்தது. அக்காவலர்க்குரிய கூலியையும் யூதரே இறுத்தனர்! மக்கள் பெருகிய அளவிற்கு நிலம் பெருகவில்லை. ஆதலின் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. அடுக்குகளை எண்ணி, தாழ்ந்த கூரைகளை நோக்கினாலே அந்நெருக்கம் விளங்கும். 1797-இல் நெப்போலியன் படை வந்த பின்னரே வாயில்கள் வீழ்ந்தன. கிறித்தவ அரசொன்று செய்த இதனைக் கிறித்தவராகிய நாம் காணாது, மணிக்கோபுரத்தை மட்டும் கண்டு மீள்வது தகுமோ?

தனி வழிகாட்டி செல்வர்க்கே உரியர் என்பர் என் நண்பர். மெய்யே, கூலி பெரிதுதான். எனினும் சதுக்கத்திலே இசை கேட்டுக்கொண்டு பருகும் காப்பிக்கு அளவிறந்து ஈவார், இதற்குக் கைசுருக்குவது ஏனோ? அவ்வூரிலேயே வாழும் வழிகாட்டிக்கு அப்பொருள் சேருமாயின், வாழ்வோர் தொகை 50,000-க்கும் குறைந்துவிட்ட அப்பழைய நகரில் ஒரு குடியேனும் தங்கும்.