குரல் அவையின் சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

2021-இல் கிளப்ஹவுஸ் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு வந்தபோது தமிழ் அரங்குகள் நள்ளிரவு தாண்டியும் நடந்தன. 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் செயலியைக் குரல்வழிக் குழுச் செய்திகளுக்கானதாக மாற்றியது. அம்முடிவில் அரங்குகளில் கூடியவர்களுக்குப் பங்கில்லை.

சொந்தக் குரல் அவை நடத்த விரும்பும் குழுவுக்கு மம்பிள் என்னும் கட்டற்ற மென்பொருள் 2005 முதல் இருக்கிறது. சர்வரை எங்கே வாடகைக்கு எடுப்பது என்ற கேள்விக்குத்தான் விலைப்பட்டியல் விடை சொல்லிவிடுகிறது. ஜெர்மனியில் மலிவு என்றால் ஜெர்மனி. உரையாடலை ஆராய்வோர் இதற்கு உடன்பட இயலாது.

ஸ்டிவர்ஸ் முதலியோர் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை, கேள்விக்கும் மறுமொழிக்கும் இடைப்பட்ட சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிவினாடி என்று காட்டியது. பேச்சு முடியும் தறுவாயை முன்னுணர்ந்தே மனிதர் மறுமொழி தொடங்குகின்றனர்.

பாகாலாவில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று கொள்வோம். இடையே நேர்கோட்டில் 150 கி.மீ.க்கும் குறைவு. சர்வர் பிராங்க்பர்ட்டில் இருந்தால் ஒவ்வொரு சொல்லும் 7,500 கி.மீ. போய், அதே தொலைவு திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கி.மீ. செல்லும். ஆகவே கேள்விக்கு 75, விடைக்கு 75 என 150 மில்லிவினாடி கூடுகிறது. கடலடி வடத்தின் வளைவுகளும் கருவிகளின் தாமதமும் இதில் சேரவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவர், ஒரே நேரத்தில் நிறுத்துவர். பிறகு நெறியாளர் வரிசை வைப்பார், உரையாடல் சொற்பொழிவாகும்.

அப்போது முதலில் வாய்மூடுபவர் யார்? 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பாகாலா ஆந்திரத்திலேயே நின்றது. இப்பகுதியில் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் மட்டும் தமிழ் என வளர்ந்தவருக்குத் தமிழ் என்பது குறுக்கிட்டும் இடைமறித்தும் பேசும் மொழி. மேடைத்தமிழ் அவருக்குப் பழக்கமில்லை. வரிசை முறை மேடைத்தமிழ் வல்லாருக்கே சாதகம். எனவே சென்னையிலோ பெங்களூரிலோ சற்றுக் கூடுதல் வாடகை கொடுப்பது வீண்செலவு அன்று.

எதிர்வாதம் வலுவானது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, மெய்நிகர் சர்வர் வாடகைக்கு விடுவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு காக்க வேண்டும். அரசியல் நெருக்கடிக்கு உள்ளான குழு தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு வெளிநாட்டை நாடுவதே சரி. வட்டாரச் சொல்லும் நாட்டார் கதையும் பேசும் அவைக்கு அந்த அச்சம் மிகை.

அதைவிட அருகிலுள்ள ஆபத்து வேறு. மம்பிளில் குரல் சர்வர் வரைதான் மறையாக்கத்துடன் செல்கிறது. அங்கே அது திறக்கப்படுகிறது. சர்வரின் முழு அதிகாரம் கையில் உள்ளவர் விரும்பினால் அனைத்தையும் கேட்கலாம், பதியலாம். அவர் ஜெர்மனியில் இல்லை, பெரும்பாலும் குழுவிலேயே இருக்கும் கணினி தெரிந்த ஒரே இளைஞர். அவர் வேலை மாறி ஊர் பெயர்ந்தால், அவரது வங்கி அட்டை காலாவதியானால், அவையும் போயிற்று. வாடகைக் கணக்கை இருவர் பொறுப்பில் வைப்பதா, மூவர் பொறுப்பிலா, பதிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதை நகரத்தைத் தேர்வதற்கு முன்பே குழு எழுத்தில் வைக்க வேண்டும்.