கருவி வரும்வரை காத்திருக்கலாமா?

"அலைநோக்கி இல்லையே, என்ன செய்வது?" ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர் பலர் சொல்லும் சமாதானம் இது. அலைநோக்கி வேண்டாம் என்பதன்று என் கட்சி. அது இல்லை என்பதற்காக அளப்பதையே கைவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

எர்ணாகுளத்தில் பயிலும் நான், சென்ற ஐப்பசியில் படகேறி மட்டாஞ்சேரிக்குப் போனேன். அங்கே என் மாமாவுக்கு மிளகுக் கிடங்கு ஒன்று உண்டு. தொட்டிக்கு நீரேற்றும் பம்பை இயக்கும் பலகையில் டிரான்சிஸ்டர் மூன்றாம் முறையாக எரிந்திருந்தது. "துலாவர்ஷத்து இடி, மோனே! நாம் என்ன செய்ய?" என்றார் பழுதுபார்ப்பவர். மீட்டரும் 12 வோல்ட் என்றே சாதித்தது. மாமா மீண்டும் பணம் எடுத்துவிட்டார்.

எனக்கு ஐயம் ரிலேச் சுருளின்மேல். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அது காந்தப்புலத்தில் சேர்த்து வைத்த ஆற்றல் எதிர்த்திசை அழுத்தமாகச் சீறி எழும். மீட்டரோ நொடிக்கு இரண்டு மூன்று முறையே பார்க்கும். இமைப்பதற்குள் வந்து மறைவது அதன் கண்ணில் படுமா?

சுருளைக் கழற்றி, சுவிட்சு வழியே 12 வோல்ட் பாட்டரியோடு இணைத்தேன். அந்த எதிர் அழுத்தத்தை மட்டும் உள்ளே விடுமாறு யுஎஃப் 4007 என்னும் விரைவு டயோடு ஒன்று; அதன்பின் 0.1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் மின்தேக்கி. அதன்மேல் 10 மெகாஓம் மீட்டர். உள்ளே சென்ற மின்னூட்டம் டயோடு வழியே திரும்ப முடியாது. சுவிட்சை அணைத்தேன். மீட்டர் 60 வோல்ட்டைத் தொட்டு இறங்கியது. பலகையில் இருந்த பிசி 547 டிரான்சிஸ்டர் தாங்குவதோ 45 வோல்ட்!

அந்த 60 முழு உண்மையன்று. மின்தேக்கி பெரிதானால் உச்சத்தைத் தாழ்த்திவிடும். சிறிதானால் படிப்பதற்குள் மீட்டர் வழியே வடிந்துவிடும். என் அமைப்பில் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வடியும். ஆகவே உச்சம் 60க்குக் குறையாது என்று மட்டுமே சொல்லலாம். 45ஐ மீறுகிறதா என்ற கேள்விக்கு அதுவே போதுமன்றோ!

சுருளின் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் பற்றவைத்தோம். செலவு சில ரூபாய். பிறகும் இடி இடித்தது, டிரான்சிஸ்டர் எரியவில்லை.

இது புதுவழியும் அன்று. 1777இல் லிக்டன்பர்க் என்ற ஜெர்மானியர், மின்பொறி பாய்ந்த பரப்பில் தூவிய தூள் விந்தை உருவங்களாகப் படிவதைக் கண்டார். அதையே அடிப்படையாகக் கொண்டு, 1924இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர்ஸ், மின்கம்பிகளில் பாயும் அழுத்த உச்சங்களை ஒளிப்படத் தகட்டில் பதியவைத்தார்.

ஓர் எச்சரிக்கை: இதை வீட்டு மின்சாரத்தில் செய்யாதீர்கள். 230 வோல்ட் என்பதன் அன்றாட உச்சமே 325 வோல்ட், உயிரைக் குடிக்கும்.

முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் இவ்வமைப்பைத் தம் கையால் செய்து, அதன் பிழையையும் தாமே கணக்கிட்டுச் சொல்லவேண்டும் என்பது என் கோரிக்கை. விலையுயர்ந்த கருவி வரும்போது வரட்டும். அதை நம்பவேண்டிய அளவையும் அப்போது அவர் அறிந்திருப்பார்.