ஆட்டம் பிள்ளையுடையது



மணலூர்பேட்டை போன்ற சிற்றூரில் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் நாமும் ஒரே கடைத்தெருவில் நடமாடுகிறவர்கள். விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால், தேநீர்க் கடையிலோ திருமண விருந்திலோ அவரை நிறுத்தி, “என் மகனை ஏன் ஆட்டத்தில் இறக்கவில்லை?” என்று கேட்டுவிடுகிறோம். கேட்பது எளிது, அதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

கபடியில் ஓர் அணிக்கு 12 பேர். களத்தில் இறங்குவோர் 7 பேர். எஞ்சிய 5 பேர், எந்த ஆசிரியர் வந்தாலும், வெளியே அமர்ந்துதான் ஆகவேண்டும். உங்கள் சொல்லுக்கு அஞ்சி ஆசிரியர் உங்கள் மகனை உள்ளே அனுப்பினால், வேறொரு வீட்டுப் பிள்ளை வெளியே வருகிறான். அவனுடைய அத்தா கூலி வேலைக்குச் சென்றவராக இருக்கலாம். ஆசிரியரைச் சந்திக்க அவருக்கு நேரமுமில்லை, செல்வாக்குமில்லை. பரிந்து பேச ஆளில்லாத பிள்ளையின் இடத்தை நம் பிள்ளைக்கு வாங்கித் தருவது எவ்வாறு நீதியாகும்? அணித் தேர்வு ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

பெற்றோரின் பதற்றத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உள்ளன. அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆட்ட வாய்ப்பு என்பது சான்றிதழாகவும் எதிர்காலமாகவும் தோன்றுகிறது. ஆனால் அதே எதிர்காலம் மற்றப் பிள்ளைக்கும் உண்டு.

பெற்றோரின் கண்ணுக்குத் தம் பிள்ளையே முதலில் தெரிவது இயற்கை. 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் நம் வாஷிங்டன் சுந்தர் 96 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றபோது, கடைசி மூன்று விக்கெட்டுகளும் ஓர் ஓட்டம்கூடச் சேராமல் வீழ்ந்தன. பின்வரிசை ஆட்டக்காரர்கள் சற்று நேரம் நின்றிருக்கலாகாதா என்று அவருடைய தந்தை வெளிப்படையாக வருந்தினார். தந்தையின் கண்ணுக்கு எட்டாத 4 ஓட்டங்கள் தெரிந்தன. அணியோ அந்த ஆட்டத்தை ஓர் இன்னிங்ஸும் 25 ஓட்டங்களும் முன்னிலையில் வென்றது. பயிற்சியாளர் பார்க்கவேண்டியது இந்த இரண்டாவது கணக்கையே.

அவ்வாறாயின் பெற்றோர் வாய் திறக்கலாகாதா? தாராளமாகத் திறக்கலாம், கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். “என் மகனை ஏன் இறக்கவில்லை?” என்பதற்குப் பதிலாக, “அவன் எதில் தேற வேண்டும்?” என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் கேளாமல், மறுநாள் தனியாகச் சென்று கேளுங்கள். காயம், உடல்நலம், வசைச்சொல், அடி ஆகியவை பற்றிக் கேட்பது உங்கள் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். தேர்வில் பணமோ, சாதியோ, மதமோ புகுந்ததென்று உறுதியாகத் தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். அந்த முறையீடும் உங்கள் மகனுக்காக மட்டுமின்றி, எல்லாப் பிள்ளைகளுக்குமான தேர்வு முறையைக் கேட்பதாக இருக்கட்டும்.

தாய்மார்களும் தந்தைமார்களும் சிந்திக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. மகனுக்கு இடம் கேட்டு வாதாடும் நாம், ஆசிரியரே தேர்ந்தெடுத்த மகளை “போதும், வீட்டுக்கு வா” என்று நிறுத்திவிடுவதில்லையா? சென்னையைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தையே அவருக்குப் பயிற்சியளித்தவர். அந்தத் தந்தையின் தலையீடு மகளின் உழைப்போடு சேர்ந்து நின்றது.

ஆட்டம் முடிந்து வரும் பிள்ளை முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கிறது. “அந்த ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது” என்று நாம் சொன்னால், மறுநாள் பயிற்சிக்குச் செல்ல அதற்கு மனம் வராது. “நன்றாக உழைத்தாயா? கூட ஆடியவர்களுக்குக் கைகொடுத்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள். வெளியே அமர்ந்திருந்த பிள்ளையாலும் இக்கேள்விகளுக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்ல முடியும்.