தொட்டிக் கணக்கும் தீயணைப்பு வண்டியும்

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கை வெளிவந்துவிட்டால், நம்முடைய மாவட்டத் தலைநகரங்களின் பள்ளி மைதானங்கள் விடியுமுன்பே விழித்துக்கொள்வதையும், பேருந்து நிலையத்துப் புத்தகக் கடைகளில் வாரப் பத்திரிகைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வழிகாட்டி நூல்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வதையும், டீக்கடை பெஞ்சுகளில் அரசியலும் சினிமாவும் ஒதுங்கிக் கயிறு ஏறுவதும் கட்-ஆஃபும் பேச்சாகிவிடுவதையும் கவனித்தவர்கள், அந்த இளைஞர்களின் பிரயாசையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கும் அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆயினும் அந்தப் பிரயாசை பங்கிடப்படும் விதத்தில் ஒரு விபரீதம் இருப்பதாக எனக்கு நெடுநாளாகவே அபிப்பிராயம். ஓடுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதைச் சர்ச்சையின்றி ஒப்புக்கொள்ளும் பிள்ளை, யோசிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று சொன்னால் மட்டும், நாம் ஏதோ அவன் குலத்தைப் பழித்துவிட்டதுபோல முகத்தைச் சுளித்துக்கொள்கிறான்.

விவரம் அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று உத்தியோகங்களுக்கும் பொதுவாக ஒரே தேர்வுதான். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும் என்பது விதி. பொறியியல் பட்டதாரிகளும் வரிசையில் நிற்கிறார்கள் என்பது நடப்பு. முதலில் தமிழ்மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 32 எடுக்காதவருடைய மற்ற விடைத்தாளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பிறகு முதன்மை எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு: பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்கு 6. ஆக நூறு. ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதே, அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஓடி முடித்தவன் மேலே செல்லலாம், முடிக்காதவன் வீட்டுக்குச் செல்லலாம், அவ்வளவுதான். கயிறு, தாண்டுதல், ஓட்டம் என்று மாதக்கணக்கில் வியர்வை சிந்திச் சேகரிக்கும் 24 மதிப்பெண்ணைக் காட்டிலும், நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கக்கூடிய உளவியலின் 25 ஒன்று கூடுதல் என்ற சாதாரண விஷயத்தை இந்தப் பிள்ளைகளிடம் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

பாடத்திட்டத்தின்படி அந்த 25 வினாக்களும் தர்க்க ரீதியான பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, தகவல்களைக் கையாளும் திறன், கருத்துப் பரிமாற்றத் திறன், உளவியல் என்ற தலைப்புகளில் அடங்குவன. தொட்டியும் குழாயும், வேலையும் நாளும், திசை அறிதல், கூற்றும் முடிவும், அட்டவணையைப் பார்த்து விடை சொல்லுதல் என்று விரித்துச் சொன்னால் எல்லாருக்கும் பழக்கமானவையே. என் தங்கை மகன், இந்த வருஷம் விண்ணப்பித்திருப்பவன், ஒருநாள் மாலை வழிகாட்டி நூலை மூடி வைத்துவிட்டு, “தீயை அணைக்கப் போறவனுக்குத் தொட்டிக் கணக்கு எதுக்கு மாமா?” என்று கேட்டான். கோபத்தில் கேட்ட கேள்வியானாலும் நியாயமான கேள்வி என்பதால், நான் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும் வண்டி ஒன்று தீப்பிடித்த இடத்துக்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால், ஐந்தே நிமிடத்தில் தொட்டி காலி. அருகிலுள்ள கிணற்றிலிருந்து ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 300 லிட்டர் வீதம் அதே தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால், நிகரமாகக் குறைவது 600 லிட்டர். ஆகவே ஏழரை நிமிடம். வழிகாட்டி நூலில், ஒரு குழாய் நிரப்ப, இரண்டு குழாய்கள் வெளியேற்ற, தொட்டி எப்போது காலியாகும் என்று கேட்கப்படுவது இதைத்தான். அந்த இரண்டரை நிமிட வித்தியாசத்துக்குள் அடுத்த வண்டி வந்து சேருமா என்பதும், சேராது என்றால் ஒரு குழாயை மூடிவிட்டு மற்றொன்றை எங்கே திருப்புவது என்பதும், அங்கே நிற்கும் நிலைய அலுவலர் காகிதமும் பென்சிலும் இல்லாமல், ஜனங்களின் கூச்சலுக்கு நடுவே தீர்மானித்தாக வேண்டிய விவகாரங்கள். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுவதிலும் கணக்கு உண்டு; பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் செலவாகிவிடுகிறபடியால், முப்பது மீட்டர் உயரத்தில் நிற்பவனுடைய கைக்கு, பம்பு கொடுத்த அழுத்தத்தில் மூன்று பார் குறைந்தே வந்து சேரும்; நீளமான குழாயினுள் ஏற்படும் உராய்வு அதற்கு மேல் தனி.

இன்னொரு கணக்கு இதைக் காட்டிலும் அந்தரங்கமானது. அது மூச்சுக் கணக்கு. புகைக்குள் செல்பவர் முதுகில் சுமக்கும் காற்று உருளை 6 லிட்டர் கொள்ளளவும் 300 பார் அழுத்தமும் உடையது என்றால், அதனுள் அடங்கிய காற்று 1,800 லிட்டர். கடினமாக உழைக்கும் மனிதன் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிறான் என்று வைத்தால் 45 நிமிடம். ஆனால் 45 நிமிடமும் அவனுடையதல்ல. அழுத்தம் 55 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கை விசில் ஊதத் தொடங்கும், அப்போது மிஞ்சியிருப்பது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காற்று. உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் பிடித்த மனிதன், விசில் கேட்ட பிறகு திரும்பலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. என் மருமான் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனாகவே வழிகாட்டி நூலைத் திறந்தான். அவனுக்கு ஞானோதயம் ஏற்பட்டுவிட்டதாக நான் சொல்லவரவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் மைதானத்துக்குப் போக முடியாமற் போனதும் ஒரு காரணம்.

தர்க்க வினாக்களின்மேல் நம் பிள்ளைகளுக்கு உள்ள வெறுப்பு வேறு தினுசானது. எல்லாப் பூனைகளும் நாற்காலிகள், சில நாற்காலிகள் மரங்கள், ஆகவே என்ன என்று கேட்டால், பூனை எப்படி ஐயா நாற்காலியாகும் என்ற கோபமே முதலில் வருகிறது. அந்த வினா சோதிப்பதும் அந்தக் கோபத்தைத்தான்: கொடுக்கப்பட்டது எது, நீயாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் உனக்கு இருக்கிறதா என்பது கேள்வி. எரியும் வீட்டின் வாசலில் ஒருவர், உள்ளே யாரும் இல்லை என்று ஆணையிட்டுச் சொல்கிறார். அது அவர் கண்டதா, கேட்டதா, அல்லது தன் மனைவி மக்கள் வெளியே வந்துவிட்டதால் எல்லாரும் வந்துவிட்டதாக அனுமானித்ததா? எரிவாயு உருளையின் வாயில் சுவாலை எரிந்துகொண்டிருக்கிறது. சுவாலையை அணைத்தால் அபாயம் நீங்கும் என்பது பார்த்தமாத்திரத்தில் தோன்றும் முடிவு. வால்வை மூட வழி செய்யாமல் சுவாலையை மட்டும் அணைத்தால், எரியாத வாயு கசிந்து, காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையில் எங்கேனும் ஒரு பொறிக்காகக் காத்துக் கிடக்கும். எல்லாத் தீயும் தண்ணீரால் அணையும் என்ற வாக்கியத்தை நம்பி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் நீரைக் கொட்டியவர்களும் உண்டு. பட்டாசுத் தொழிலில் புழங்கும் அலுமினியத் தூள் பற்றி எரியும்போது அதில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பிறக்கிறது என்பதைச் சிவகாசிப் பக்கத்துத் தீயணைப்பாளர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

தகவல்களைக் கையாளுதல் என்ற தலைப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு 1944-ஆம் வருஷத்துப் பம்பாய் நினைவுக்கு வரும். கராச்சியிலிருந்து வந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல், ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் தங்கப் பாளங்களையும் ஒரே வயிற்றில் சுமந்துகொண்டு விக்டோரியா துறையில் நின்றது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் அடையாளமாகச் செங்கொடியை ஏற்றியிருக்க வேண்டும், அது ஏற்றவில்லை. ஏப்ரல் 14-ஆம் தேதி பிற்பகல் இரண்டாவது அறையிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், தண்ணீரை இறைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அங்கிருந்த அதிகாரிகளில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவில் தெரிந்திருந்தது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துச் செல்வதா, அணைக்கவே முயல்வதா என்று சொல்லித் தீர்மானிக்கும் ஒற்றை வாய் மட்டும் இருக்கவில்லை. மாலை நான்கு மணி ஆறு நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மறுபடியும் வெடித்தது. அறுபதுக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் அன்று மாண்டார்கள். அந்தத் தேதியைத்தான் இந்தத் தேசம் ஆண்டுதோறும் தீத்தொண்டு நாளாக அனுசரிக்கிறது. பொது அறிவுப் பகுதிக்காக அந்தத் தேதியை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பலர் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தத் தகவல் யாரிடம் இருந்தது, அது ஏன் மற்றவரிடம் போய்ச் சேரவில்லை என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்த பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. அட்டவணை வினாவுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

திசை வினாக்களுக்கு அதிக வியாக்கியானம் வேண்டாம். புகை நிரம்பிய அறையில் கண் உதவாது. சுவரை ஒரு கையால் விடாமல் தடவிக்கொண்டே போய், அதே சுவரைப் பற்றித் திரும்புவதும், வழி தவறினால் தரையில் கிடக்கும் குழாயின் இணைப்பை விரலால் ஆராய்ந்து, எந்தப் பக்கம் வண்டி, எந்தப் பக்கம் தீ என்று அறிவதும் பாலபாடங்கள். வடக்கே நடந்து, வலப்புறம் திரும்பி, மீண்டும் வலப்புறம் திரும்பியவன் எத்திசை நோக்கி நிற்கிறான் என்று விரல்விட்டு எண்ணாமல் சொல்லப் பழகியவனுக்கு அந்தப் பாடம் சற்றே இலகுவாக இருக்கலாம்.

ஆயத்தம் செய்யும் முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது பெரிய ரகசியம் ஒன்றுமல்ல. குறுக்கு வழிச் சூத்திரங்களை முதலில் படிக்காதீர்கள். ஒவ்வொரு மாதிரிக் கணக்கையும் ஆதியிலிருந்து நீட்டி ஒரு முறை போட்டு, அது ஏன் அப்படி வருகிறது என்று தெளிந்த பிற்பாடு, வேகத்துக்காகச் சூத்திரத்தைக் கைக்கொள்ளுங்கள். வினாவுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் கிடைக்கிறபடியால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பது அவசியம். தவறிய வினாக்களைத் தனி நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் அவற்றை மட்டும் திரும்பப் போடுவது அதைவிட அவசியம். வழிகாட்டி நூலின் பின்பக்கத்து விடைகளை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; அவசரத்தில் அச்சடிக்கப்படும் அந்த நூல்களில் தவறான விடைகள் தாராளமாகக் கிடைக்கும், தன் விடைதான் சரி என்று ஒரு பிள்ளை தர்க்கித்து நிலைநாட்டுவதும் ஒரு பயிற்சியே. காசு இல்லாதவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. சந்தர்ப்பத்தைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்கும் வினாக்களில் சினிமாக் கதாநாயகனைப்போல விடை எழுதும் ஆசைதான் பெரிய அபாயம். தனியாக உள்ளே பாய்வது வீரமல்ல, ஒழுங்குமீறல் என்று கருதும் துறை இது.

இந்த 25 வினாக்களும் ஒரு தீயணைப்பாளனைக் கண்டுபிடித்துவிடும் என்று நான் வாதிக்கமாட்டேன். அடைத்த இடத்தில் மூச்சுத் திணறும் சுபாவம் ஒருவனுக்கு உண்டா, உயரத்தில் நின்றால் கால் நடுங்குமா, கருகிய உடலைத் தூக்கிய இரவில் அவன் உறங்குவானா என்பதெல்லாம் எந்த ஓ.எம்.ஆர். தாளிலும் வட்டம் நிரப்பிக் காட்ட முடியாதவை. சில தாம்பரம் பயிற்சி மையத்தில் தெரியவரும், சில பல வருஷங்களுக்குப் பிறகே தெரியவரும். பொதுத்தேர்வில் எனக்குள்ள ஆட்சேபமும் இங்கேதான் பிறக்கிறது. 2025-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 3,644 இடங்களில் காவலர் பணி 2,833, தீயணைப்புப் பணி 631. ஆகவே மைதானத்தில் விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகள், போலீஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஃபயர் என்றே சொல்கிறார்கள். குற்றவாளியைத் துரத்த விரும்புகிறவனுக்கும், தீக்குள் நுழைய விரும்புகிறவனுக்கும் ஒரே வினாத்தாள் போதும் என்ற ஏற்பாடு நிர்வாகத்துக்குச் சௌகரியமானது. அதற்கு மேல் அதைப் புகழ எனக்குக் காரணம் அகப்படவில்லை.

என் மருமானும் அந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவனாகவே இருந்தான். காற்று உருளைக் கணக்குக்குப் பிறகு, தாலுகா அலுவலகத்தை அடுத்த தீயணைப்பு நிலையத்துக்கு அவனாகவே போய், பம்பின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பணியிலிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிக்காட்டி, இரண்டு கேள்விகளும் கேட்டு அனுப்பியிருக்கிறார். இப்போது போலீஸ் வேண்டாம், ஃபயர்தான் வேண்டும் என்கிறான். என் தங்கைக்கு இந்த மாறுதல் துளியும் பிடிக்கவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரச் சொன்னால் புத்தியை மாற்றிவிட்டதாக என்மேல் அவளுக்குத் தீராத மனத்தாங்கல். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் விசேஷம். கட்டாயம் வர வேண்டும் என்று மாப்பிள்ளைதான் தொலைபேசியில் அழைத்திருக்கிறார், அவள் பேசவில்லை.