சங்கும் சக்கரமும்

பச்சிளங் குழந்தையின் விரல்களை விரித்துப் பிடித்து, சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் பாட்டிமார் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. அவர்கள் தேடுவது அதிர்ஷ்டத்தை. அதே ரேகைகளில் மருத்துவர் சிலர் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நாட்பட்ட நோய்களின் தடயத்தைத் தேடி வருகின்றனர். அதில் உண்மை எவ்வளவு என்று இம்மாதம் சற்று ஆராய்வோம்.

விரல் ரேகைகள் தாயின் கருவறையிலேயே தோன்றிவிடுகின்றன. ஏறத்தாழப் பத்தாம் வாரத்தில், விரல் நுனியிலுள்ள சிறு மேடுகளின் மீது தோல் வரிகள் எழத் தொடங்குகின்றன. மேடு உயர்ந்திருந்தால் சக்கரமும், தாழ்ந்திருந்தால் வில் போன்ற வளைவும், இடைப்பட்டிருந்தால் சங்கும் அமைவது பெரும்பான்மை. ஐந்தாம் மாதம் முடியுமுன் அமைப்பு நிலைத்துவிடுகிறது. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. எனினும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கும் ரேகைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆகவே ரேகையை மரபின் முத்திரை என்பதைவிட, கருவறையில் கழிந்த முதல் மாதங்களின் நாட்குறிப்பு என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இந்நாட்குறிப்பை ஒருவர் படித்த வரலாறு அறியத்தக்கது. முன்னாளில் டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறந்தால், பெற்றோரின் பால்வினை நோயோ குடிப்பழக்கமோதான் காரணம் என்று ஊரார் தூற்றினர். அத்தாய்மார் வெளியில் தலைகாட்டவும் அஞ்சினர். பாரிஸில் பேராசிரியர் ரேமோன் துர்ப்பேனிடம் பணியாற்றிய இளம் மருத்துவர் ஜெரோம் லெஜூன், இக்குழந்தைகளின் உள்ளங்கை ரேகைகளை ஆராய்ந்து 1953-இல் அவருடன் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ரேகைகள் வேறுபட்டிருந்தன. கருவின் தொடக்கத்திலேயே அமைபவை அவை. எனில் கோளாறும் தொடக்கத்திலேயே நேர்ந்திருக்க வேண்டுமன்றோ? 1959-இல் மார்த்தே கோத்தியே, துர்ப்பேன் ஆகியோருடன் சேர்ந்து, இக்குழந்தைகளிடம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதை அவர் அறிவித்தார். (திசு வளர்க்கும் நுட்பத்தை அந்த ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்தவர் கோத்தியே அம்மையார் என்பதையும் மறத்தலாகாது.) தாயின் மீதிருந்த பழி நீங்கிற்று.

நாட்பட்ட நோய்களின் நிலை இத்துணைத் தெளிவானதன்று. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் பிறந்து ஐம்பது வயதை எட்டியவர்களை ஆராய்ந்தபோது, ஒரு விரலிலேனும் சக்கரம் உடையோர்க்கு இரத்த அழுத்தம் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது என்று 1993-இல் எழுதினர். ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில் நேர்ந்த கொடும் பஞ்சத்தையொட்டிப் பிறந்தோரிடமும் அவர்தம் உடன்பிறந்தாரிடமும் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நீரிழிவு கண்டவர்களிடம் கட்டைவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் வரி எண்ணிக்கைக்கு இடையிலான வேறுபாடு அதிகமாகக் காணப்பட்டது. இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் கையைப் பார்த்து, இவருக்கு நோய் வரும் என்று சொல்ல இவை உதவா. சக்கர ரேகையுடன் நலமாக வாழ்வோர் எண்ணற்றோர்.

உதட்டு வரிகளின் சான்று இன்னும் மெலிந்தது. ஜப்பானியரான சுசூகியும் சுசிஹாஷியும் 1970-ஐ ஒட்டி அவற்றை வகைப்படுத்தி, ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் பெற்றோரின் சாயல் பிள்ளைகளிடம் தெரிவதையும் காட்டினர். பின்னர் நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நீரிழிவுடன் இவ்வரிகளை ஒப்பிட்டுப் பலர் ஆராய்ந்தனர். ஆனால் பெரும்பாலும் சிறு குழுக்களே. ஓர் ஆய்வில் சிறப்பாகத் தோன்றிய வடிவம் மற்றொன்றில் தோன்றுவதில்லை. உதடு வறண்டாலும், தாளில் சற்று அழுத்திப் பதித்தாலும் பதிவே மாறிவிடுகிறதே!

உள்ளங்கையில் குறுக்காக ஒரே மடிப்பு ஓடுவதைக் கண்டு கலங்கும் தாய்மாருக்காக ஒரு சொல். டவுன் நோய்க்குறியில் அது மிகுதியாகக் காணப்படுவது மெய்யே. ஆயினும் நலமுள்ளோரிலும் நூற்றுக்குச் சிலருக்கு அது உண்டு. ஐயமிருப்பின் மருத்துவர் இரத்தத்தை எடுத்துக் குரோமோசோம்களை எண்ணியே முடிவு கூறுவார். பெரியவர்களின் சர்க்கரை நோய்க்கும் இரத்தப் பரிசோதனையே வழி.