ஒரு மழை போகட்டும்

சென்ற சனிக்கிழமை மாலை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு, மதிப்பெண்களைப் பதிவதற்காகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. புதிய பதிப்பு வெளிவந்துவிட்டதென்றும், அதை இப்பொழுதே ஏற்றுக்கொள்ளலாமென்றும், பிறகு பார்த்துக்கொள்வதானாலும் ஆட்சேபமில்லையென்றும் அது மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தது. "இப்பொழுதே" என்ற பொத்தான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருந்தது. "பிறகு" என்பதோ, பந்தியில் இடம் கிடைக்காதவர்போல் ஓர் ஓரமாக மங்கி நின்றது.

என் தமக்கையின் மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். என்ஜினீயரிங் படிக்கும் பையன். தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு என்ன மாமா யோசனை? அமுக்குங்கள். வெளிவந்து நாலு நாள் ஆகிவிட்டதே!" என்றான். நாலு நாள் என்பதை நாலு யுகம் என்னும் தோரணையில் சொன்னான்.

அவன் பேச்சைக் கேட்டு நானும் விரலை நீட்டிவிட்டேன். அச்சமயம் காப்பி கொண்டுவந்த என் மனைவி, "உங்கள் அப்பாவின் நோட்டுப் புத்தகங்களெல்லாம் இதற்குள்தானே இருக்கின்றன? வேறெங்காவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நீட்டிய விரல் தானாகவே மடங்கிற்று.

என் தகப்பனார் முப்பது வருஷ காலம் குடும்பக் கணக்கு எழுதிவைத்தவர். வரவு செலவுக்குப் பக்கத்திலேயே, அன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்கு ஜுரம், எந்தப் பசு கன்று போட்டது என்பதையும் ஒரு வரி குறித்துவைப்பார். அவர் காலமான பிறகு அந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். அதற்கு அடுத்த வருஷத்து மழையில் பரண் ஒழுகி, நோட்டுகள் கூழாகிவிட்டன. ஆகவே, இப்பொழுது என் தகப்பனாரின் கையெழுத்து இவ்வுலகில் இருப்பது அந்த ஒரு யந்திரத்துக்குள் மட்டுமே. இதை நான் அறியாதவனல்ல; ஆனால் அறிந்திருப்பது வேறு, தக்க சமயத்தில் நினைவு வருவது வேறு.

கம்ப்யூட்டருடன் அதிகப் பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. யந்திரத்துக்குள் எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. எழுதுவது ஒரு செயலி, கணக்குப் போடுவது வேறொரு செயலி. இவை அனைத்துக்கும் அடியில் இருந்துகொண்டு, எதை எங்கே வைப்பது, எதற்கு எப்பொழுது இடம் கொடுப்பது என்று நிர்வாகம் பண்ணுவதைத்தான் ஆபரேடிங் ஸிஸ்டம் என்கிறார்கள், தமிழில் இயங்குதளம். அதன் பதிப்பை மாற்றுவது சுவருக்கு வர்ணம் பூசுவது போன்றதல்ல. சாமான்களை உள்ளே வைத்துக்கொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவது போன்றது.

புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோவதென்றால் என் தகப்பனார், "ஒரு மழை போகட்டும்" என்பார். எங்கே ஒழுகும் என்பது கட்டின கொத்தனாருக்கும் தெரியாது, வாடகைக்கு விடும் வீட்டுக்காரருக்கும் தெரியாது. மழைக்குத்தான் தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு 2018-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று போதும்.

அவ்வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதுப் பதிப்பை வெளியிட்டார்கள். நாலே நாளில், 6-ஆம் தேதி, அதை நிறுத்திவைத்தார்கள். காரணம், அதை ஏற்றுக்கொண்ட சிலருடைய கடிதங்களும் படங்களும் சுவடில்லாமல் மறைந்துபோயின. நடந்தது இதுதான். சிலர் தங்கள் சொந்தக் கோப்புகளை வைக்கும் அறையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பழைய அறையிலும் கொஞ்சம் சாமான் மிச்சமிருந்தது. மாற்றிய பிறகும் பழைய வெற்று அறைகள் கண்ணில் படுகின்றனவே என்று முன்பு சிலர் குறைகூறியிருந்தார்கள். அவற்றை அகற்றப் புதுப் பதிப்பில் ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு, அறை வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்காமலே இடித்துத் தள்ளிவிட்டது. பழுதைத் திருத்தி மறுபடி வெளியிட்டது நவம்பர் 13-ஆம் தேதி.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாதிக்கப்பட்டதாக முறையிட்டவர்கள் 10,000 பேரில் ஒருவர்தான் என்று கம்பெனியார் தெரிவித்தார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ஒருவருக்கு நஷ்டம் 10,000-இல் ஒரு பங்கு அல்லவே! முழு நஷ்டம். மற்றொன்று இன்னும் ரஸமானது. அப்பதிப்பைத் தானாகவே எல்லோருக்கும் அனுப்புவது அக்டோபர் 9-ஆம் தேதிதான் தொடங்குவதாக இருந்தது. அதற்கு முன்பே அகப்பட்டுக்கொண்டவர்கள், "வந்துவிட்டதா, வந்துவிட்டதா?" என்று தாங்களாகவே தேடிப்போய்ப் பெற்றுக்கொண்டவர்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த சோம்பேறிகள் அனைவரும் தப்பினார்கள்.

இதைச் சொன்னதும் பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "எல்லோரும் உங்களைப்போல ஒரு மழை போகட்டும் என்று காத்திருந்தால், ஒழுகுகிறதென்று யார் கண்டுபிடிப்பார்கள், மாமா?"

நியாயமான கேள்விதான். யாராவது முதலில் போகத்தான் வேண்டும். இழப்பதற்கு அதிகமில்லாதவர்களும், இரண்டாவது யந்திரம் ஒன்று வைத்திருப்பவர்களும், பழுது பார்ப்பதையே ஒரு சந்தோஷமாகக் கொண்ட இளைஞர்களும் முதலில் போகட்டும். அவர்களுக்கு நாம் நன்றி செலுத்துவோம். பிள்ளைகளின் மதிப்பெண்களையும் தகப்பனாரின் கையெழுத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பவன் அந்த வரிசையின் தலைப்பில் நிற்கலாகாது. உபுண்டு என்னும் இயங்குதளத்தை வெளியிடுகிறவர்களும் இம்முறையையே அனுசரிக்கிறார்கள். நீண்ட கால ஆதரவு பெற்ற அவர்களுடைய 24.04 என்னும் பதிப்பு வெளிவந்தது 2024 ஏப்ரலில். ஏற்கெனவே முந்திய நீண்ட காலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு அவர்கள் புதியதைத் தாமாக எடுத்துக் காட்டுவது, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான்; அது வந்தது அவ்வருஷம் ஆகஸ்டில். செய்கிறவர்களே காத்திருக்கச் சொல்லும்போது, வாங்குகிற நமக்கு என்ன அவசரம்?

நிற்க. இதைப் படித்துவிட்டு, "வாத்தியாரே சொல்லிவிட்டார், இனி எந்த அறிவிப்பையும் லட்சியம் செய்ய வேண்டாம்" என்று நேயர்கள் தீர்மானித்துவிடக் கூடாது. அது முன்னதைவிடப் பெரிய அபாயம்.

2017-ஆம் வருஷம் மார்ச்சு 14-ஆம் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டார்கள். புதுப் பதிப்பு அல்ல. கதவில் கண்ட ஓர் ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தம். அதை ஏற்றுக்கொள்ளாமல் இருந்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அநேகமாக இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் தேதி, வான்னாக்ரை என்னும் தீய நிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால்தான் சாவி என்றது. இங்கிலாந்தில் பொது மருத்துவ சேவையின் ஆஸ்பத்திரிகள் தத்தளித்தன. ரத்தான வைத்திய சந்திப்புகள் 19,000-க்கு மேல் இருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். உரிய காலத்தில் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட யந்திரங்களுக்கு அந்த வழியாக ஆபத்து வரவில்லை.

ஆகவே, வந்திருப்பது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் என்பது தாழ்ப்பாளைச் சரிசெய்வது. அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. தானாகவே ஏறும்படி விட்டுவிடுவது உத்தமம். அதிலும் என்றைக்காவது தவறு நேரலாம். ஆனால் திறந்த கதவோடு தூங்குவதைவிட அது சிறிய அபாயம். புதுப் பதிப்பு என்பதோ வீடு மாறுவது. அதற்குத்தான் ஒரு மழை.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய வீட்டைப் பராமரிக்க மாட்டோம் என்று வீட்டுக்காரர் தேதி குறித்துவிட்டால், அதற்குமேல் அங்கே தங்குவது விவேகமல்ல. விண்டோஸ் 10-க்கு அப்படிக் குறித்த தேதி 2025 அக்டோபர் 14. அதற்குப் பிறகு, தனி ஏற்பாட்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சிறிது காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றார்கள். புதிய விண்டோஸ் 11 சில பழைய யந்திரங்களில் ஏறவே ஏறாது. அத்தகைய யந்திரம் உடையவர்கள் கடைசி நாள் வரையில் காத்திருந்து என்ன பயன்?

காத்திருப்பதால் தீராத கஷ்டமும் உண்டு. ஆப்பிள் கம்பெனியார் 2019 அக்டோபரில் வெளியிட்ட காடலீனா என்ற பதிப்பில், 32 பிட் முறையில் செய்யப்பட்ட பழைய செயலிகள் அடியோடு நின்றுபோயின. அது தவறுமல்ல, முன்கூட்டி அறிவித்துச் செய்த காரியம். எத்தனை மழை போனாலும் அவை பிழைத்து எழுந்திருக்கப் போவதில்லை. ஆகவே, நாம் தினசரி உபயோகிக்கும் செயலியும், பழைய அச்சு யந்திரமும், தமிழ்த் தட்டெழுத்து ஏற்பாடும் புதுப் பதிப்பில் இயங்குமா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம். புதுப் பதிப்பில் தெரியவந்த குறைகளை வெளியிடுகிறவர்களே பட்டியலிட்டு அறிவிப்பதுண்டு; அதை ஒரு முறை படித்துவிடலாம். விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்பச் சாதாரணமாகப் 10 நாள் அவகாசம் தருகிறார்கள். ஆனால் திரும்பும் வழி இருப்பதை நம்பி, நகல் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. அழிந்துபோன கோப்பு பழைய பதிப்போடு கூடத் திரும்பி வராது.

இவ்வளவும் ஆராய்ந்து, நான் அன்று என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? "பிறகு" என்னும் மங்கிய பொத்தானை அமுக்கினேன். மதிப்பெண் பதியும் வாரத்தில் வீடு மாறுகிறவன் புத்திசாலி அல்ல. அரைப் பரீட்சை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு பையனையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், நகல் வைக்க ஒரு சிறு பெட்டி வாங்கிவந்தேன். இராத்திரி பத்து மணி வரையில் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். இன்னொரு நகல் என் தமக்கையின் வீட்டில் இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னாள். அதுவும் தயாராயிற்று.

நகல் எடுத்தால் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமல்லவா? கைபோன போக்கில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். புளி, எண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளம் இவற்றுக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: "சமையலறை ஓடு இரண்டு உடைந்தது. இன்றே மாற்றியாயிற்று." பையன் அதை இரண்டு தரம் படித்தான். தாத்தாவின் கையெழுத்தை அவன் பார்த்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் ஊருக்குப் புறப்படும்போது, தன்னுடைய கம்ப்யூட்டருக்கும் நகல் எடுத்துவைக்கப் போவதாகச் சொன்னான். புதுப் பதிப்பை அவன் முதல் நாளே ஏற்றியிருந்தான் என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது.